தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது? முதல் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் மக்களுக்கு என்ன நேர்ந்தது?

பனையோலை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் தொழிற்புரட்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் பள்ளியோடு வரலாற்றை விட்டவர்கள். ஆனால் கூர்மையாகக் கேள்வி கேட்பவர்கள். எனக்கே தெளிவில்லாத இரண்டு இடங்களை இங்கே முன்வைக்கிறேன்.

முதலாவது, காரணங்களைப் பற்றியது. பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல் ஒன்று உண்டு: நிலக்கரி, இரும்பு, வேளாண்மை வளர்ச்சி, மூலதனம், குடியேற்ற நாடுகள், கண்டுபிடிப்பாளர்கள். பட்டியலை ஒப்பித்துவிட்டால் விளக்கம் சொன்னதாகிவிடுமா என்பதுதான் என்னை உறுத்துகிறது. நிலக்கரி சீனத்திலும் ஏராளமாக இருந்தது. வங்கியும் கப்பலும் பங்குச்சந்தையும் லண்டனுக்கு முன்பே ஆம்ஸ்டர்டாமில் செழித்திருந்தன. பருத்தி நூற்பிலும் நெசவிலும் சாயமேற்றுவதிலும் இந்தியக் கைவினைஞர்களுக்கு ஈடானவர்கள் ஐரோப்பாவில் இருக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றும் வேறெங்கோ இருந்திருக்க, 18-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மட்டும் அவை ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொண்டன?

இரண்டாவது, தொடக்ககால விளைவுகளைப் பற்றியது. நான் படித்த ஒரு நூல், துணி மலிந்ததையும் மக்கள்தொகை பெருகியதையும் சொல்லி அதை முன்னேற்றத்தின் கதையாக்குகிறது. இன்னொன்று, சிறுவர் உழைப்பையும் சேரிகளையும் மட்டுமே பேசுகிறது. எட்வின் சாட்விக் 1842-இல் அளித்த சுகாதார அறிக்கையின்படி மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. இதை நான் மேடையில் சொன்னால், “எல்லோரும் 17 வயதில் இறந்துவிட்டால் ஆலையில் வேலை செய்தது யார்?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

நெடுவழி எழுதுகிறார்:

நான் பொறியியல் படித்தவன். ஆகவே முதல் கேள்விக்கு மட்டும், இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நீராவி இயந்திரம் ஆலைகளுக்காகப் பிறந்ததன்று. அது நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைப்பதற்காகப் பிறந்தது. லண்டன் நகரம் காட்டு விறகை நம்பியிருக்க முடியாத அளவுக்கு வளர்ந்தபோது, நியூகாசில் பகுதியிலிருந்து கடல்வழியாக வந்த நிலக்கரிதான் அதன் அடுப்புகளை எரித்தது. மேலாக இருந்த கரி தீரத் தீரச் சுரங்கம் ஆழமானது; ஆழமாக ஆக நீர் ஊறியது; குதிரைகளைக் கட்டி இறைப்பது கட்டுப்படியாகாத நிலை வந்தது. அந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் தாமஸ் நியூகோமன் 1712-இல் டட்லி நகருக்கு அருகிலிருந்த ஒரு சுரங்கத்தில் தன் இயந்திரத்தை நிறுவினார்.

அது வேலை செய்த விதத்தைக் கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பாதி கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். பெரிய உருளை ஒன்றுக்குள் நீராவியை நிரப்புவார்கள். பிறகு அதே உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டென்று நீராகச் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். ஏற்றமரம் போன்ற ஒரு நெடிய உத்தரத்தின் ஒரு முனை தாழ, மறுமுனையில் தொங்கும் இறைப்புக்கோல் தண்ணீரோடு மேலே எழும். ஒவ்வொரு இறைப்புக்கும் உருளையைச் சூடாக்கிக் குளிரவைத்து மீண்டும் சூடாக்க வேண்டியிருந்ததால் வெப்பம் பெருமளவு வீணானது. எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிது. இவ்வளவு வீண்செலவு செய்யும் கருவியை வேறெந்த நாட்டிலும் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சுரங்கத்தின் வாயிலில் மட்டும், விற்கத் தகாத தூள்கரி மலையாகக் குவிந்து கிடந்ததால், அது பிழைத்துக்கொண்டது.

பிழைத்துக்கொண்டதால்தான் அதைச் செப்பனிட ஆட்களும் காலமும் கிடைத்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1769-இல் ஜேம்ஸ் வாட் நீராவியைக் குளிரவைக்கத் தனிக் கலம் ஒன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அவரும் அவருடைய தொழில் கூட்டாளி மேத்யூ போல்டனும் வசூலித்த கட்டணமே ஒரு பாடம்: பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமான எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. கரி கிடைக்காத கார்ன்வால் பகுதியின் தகர, செப்புச் சுரங்கங்களில்தான் அந்தப் புதிய இயந்திரத்துக்கு முதலில் கிராக்கி இருந்தது என்பதும் இதனோடு பொருந்துகிறது. சக்கரத்தைச் சுழற்றும் வகை 1781-க்குப் பிறகே வந்தது.

இப்போது உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். சீனத்தில் நிலக்கரி பெரும்பாலும் வடக்கே இருந்தது. நெசவும் வணிகமும் செழித்த யாங்சி ஆற்றுக் கழிமுகம் நெடுந்தொலைவில் இருந்தது. ஹாலந்தில் பணம் இருந்தது, கரி இல்லை. அவர்கள் சதுப்புநிலத்துப் புல்கரியை எரித்தார்கள். இங்கிலாந்தில் கரியும் கடலும் பெருநகரமும் ஒரே கோட்டில் அமைந்தன. அதோடு, அங்கே எரிபொருள் விலையோடு ஒப்பிடும்போது கூலி அதிகம், ஆகவே ஆளைக் குறைத்துக் கரியை எரிக்கும் கருவி அங்கேதான் லாபம் தந்தது என்று பொருளாதார வரலாற்று அறிஞர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்தக் கூலிக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் கரி மலிவாகக் கிடைத்ததை எவரும் மறுப்பதில்லை. பிரிட்டனில் 1700-இல் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன்னாக இருந்த நிலக்கரி உற்பத்தி 1800-இல் சுமார் 1.5 கோடி டன்னாகியது. 1761-இல் வோர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கால்வாய் வெட்டியதும் அந்நகரில் கரியின் விலை ஏறத்தாழப் பாதியானது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் பருத்தி ஆலைகளை ஓட்டியது நீராவி அன்று, ஆற்றுநீர். நீராவியால் தொழிற்சாலை வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். தொழிற்சாலை முதலில் வந்தது, நீராவி அதற்குள் பின்னர் குடிபுகுந்தது.

கதிரிழை எழுதுகிறார்:

நெடுவழி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கரிக்கு ஒரு நெருக்கடி இருந்ததைப் போலவே பருத்திக்கும் ஒன்று இருந்தது. அது நூல் பற்றாக்குறை. தறியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நூல் வராவிட்டால் தறி சும்மா கிடக்கும்.

கதை இந்தியத் துணியிலிருந்து தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த அச்சடித்த பருத்தித் துணி இங்கிலாந்தில் அவ்வளவு விரும்பப்பட்டதால், உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். நாடாளுமன்றம் 1700-இல் அதன் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. மக்களின் விருப்பம் சட்டத்தால் மறைந்துவிடவில்லை. அதை உள்நாட்டிலேயே நிறைவேற்ற யாராவது வழி கண்டால் பெரும் சந்தை காத்திருந்தது. ஆனால் இங்கிலாந்தின் ராட்டையில் நூற்ற பருத்தி நூலுக்குப் பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளில்) நின்று இழுவையைத் தாங்கும் வலு இல்லை. ஆகவே பாவுக்கு லினனும் (ஆளிச்செடி நார் நூலும்) ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, பருத்தியுமாகக் கலந்து நெய்தார்கள்.

1733-இல் ஜான் கே, தறியில் ஊடைநூலைக் கொண்டுசெல்லும் ‘பறக்கும் நாடா’வைக் கண்டுபிடித்தார். கயிற்றை இழுத்தால் நாடா தானாகக் குறுக்கே ஓடும். அகலமான துணிக்கு இரண்டு பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதும். நெசவு விரைவானது, நூற்பு அப்படியே நின்றது. ஒரு தறிக்கு நூல் கொடுக்க நான்கைந்து பெண்கள் ராட்டை சுற்ற வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1760-களில் ஹார்கிரீவ்ஸின் ‘ஜென்னி’ நூற்புக் கருவியும், 1769-இல் ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்புச் சட்டகமும், 1779-இல் கிராம்ப்டனின் ‘மியூல்’ நூற்பு இயந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆர்க்ரைட்டின் நூலுக்குப் பாவில் நிற்கும் வலு இருந்தது. முழுப் பருத்தித் துணியை உள்நாட்டில் நெய்யத் தடையாக இருந்த சட்டம் 1774-இல் விலக்கப்பட்டது. 100 பவுண்டு எடையுள்ள பருத்தியைக் கையால் நூற்க 50,000 மணி நேரம் ஆகும் என்றால், மியூலில் 1780-இல் 2,000 மணி நேரமும் 1790-களின் நடுவில் சுமார் 300 மணி நேரமும் போதுமானதாக இருந்தன என்று ஒரு கணக்கு உண்டு. இந்த ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவைத்துவிட்டே நீங்கள் பேசலாம்.

இனி விளைவு. இந்த 50,000 மணி நேரத்தையும் அதுவரை உழைத்தவர்கள் யார்? வீட்டுப் பெண்கள். கணவன் வயலிலோ தறியிலோ இருக்க, மனைவியும் மகள்களும் தாயும் ராட்டை சுற்றிச் சம்பாதித்த காசு அந்தக் குடும்பங்களின் நெருக்கடிக் காலச் சேமிப்பாக இருந்தது. ஒரு தலைமுறைக்குள் அது இல்லாமல் போனது. தொழிலாளர்கள் உடைத்த இயந்திரங்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. பயனற்றுப் பரணில் ஏறிய ராட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது ஆறாத வருத்தம், ஏனென்றால் தொழில்மயத்தின் முதல் அடி விழுந்தது ஆலைக்குள் சென்றவர்கள்மீது அன்று, வீட்டிலேயே இருந்தவர்கள்மீதுதான்.

கைத்தறி நெசவாளர்களின் கதை இன்னும் சிக்கல் மிகுந்தது. நூல் மலிந்ததும் அவர்களுக்குச் சில ஆண்டுகள் பொற்காலம். ஆட்கள் தறியை நோக்கி ஓடிவந்தார்கள். விசைத்தறிக்குக் கார்ட்ரைட் 1785-இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், 1813-இல் பிரிட்டன் முழுவதும் ஓடியவை சுமார் 2,400 தறிகளே. அதற்குள்ளாகவே கூலி சரியத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு ஆட்கள் மிகுந்துவிட்டார்கள். 1833-இல் விசைத்தறிகள் ஒரு லட்சத்தை எட்டின. 1820-களில் சுமார் 2,40,000 பேர் கைத்தறியை நம்பியிருந்தார்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. அவர்கள் ஒரே நாளில் வேலையிழக்கவில்லை, இருபது, முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் நேரம் நெய்து குறைந்த கூலி வாங்கி நலிந்தார்கள்.

மான்செஸ்டரோடு கதையை முடித்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எலி விட்னியின் பருத்தி அரவைக் கருவி 1793-இல் வந்த பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்கள், மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயரின் முதன்மைப் பருத்திக் களமாயின. அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகள். உலகுக்குத் துணி விற்ற இந்தியாவோ, 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லங்காஷயர் நூலும் துணியும் வந்திறங்கும் சந்தையானது.

பனையோலை:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பற்றாக்குறைகள், இரண்டு தொடர்ச்சிகள் என்று இப்போது எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. ஆலை அவ்வளவு கொடியதாக இருந்தால் மக்கள் ஏன் உள்ளே சென்றார்கள்? பொதுநிலங்களை வேலியடைத்துப் பறித்ததால் வேறு வழியின்றி வந்தார்கள் என்று சொல்வது முழு உண்மையா?

அல்லி எழுதுகிறார்:

முழு உண்மை இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. 1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவை இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரைத் தொட்டன. 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை குவிந்தன. ஒரு பசுவை மேய்க்கவும், சுள்ளி பொறுக்கவும், அறுவடைக்குப்பின் சிந்திய கதிர் பொறுக்கவும் இருந்த வழக்குரிமைகள் பத்திரத்தில் எழுதப்படாதவை. நிலத்தை அளந்து பிரித்தபோது பத்திரம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் வயல்வேலை உடனே குறைந்துவிடவில்லை; வேலியும் வடிகாலும் அமைக்கவே ஆட்கள் வேண்டியிருந்தது. பெருகிய பிள்ளைகளுக்குக் கிராமத்தில் இடமில்லாமல் போனது என்பதே சரியான வருணனை. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை 1801 கணக்கெடுப்பில் சுமார் 89 லட்சம். 1851-இல் சுமார் 1.79 கோடி. அதே காலத்தில் பிரிட்டனில் வேளாண்மையில் இருந்தவர்களின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் பிள்ளைகள்தான், அயர்லாந்திலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து, நகரத்தை நிரப்பினார்கள்.

ஆனால் வளர்ந்த ஆண்கள் ஆலைக்கு விரும்பிச் செல்லவில்லை என்பதும் உண்மை. அவர்களைத் தடுத்தது கூலியைவிட நேரம்தான். வீட்டில் நெய்தவர் ஞாயிறு இரவு வரை ஓய்ந்து, திங்களையும் பல நேரம் விடுமுறையாக்கி, வெள்ளி, சனியில் இரவு பகலாக நெய்து கணக்கை முடிப்பார். உழைப்பு குறைவு என்பதன்று. எப்போது உழைப்பது என்பது அவர் கையில் இருந்தது. ஆர்க்ரைட் 1771-இல் தொடங்கிய கிராம்ஃபோர்டு ஆலையில் காலை 5 மணிக்கு மணியடிக்கும். 6 மணிக்குக் கதவு சாத்தப்படும். பிந்தி வந்தவருக்கு அன்றைய வேலை இல்லை என்பதோடு இன்னொரு நாள் கூலியும் போனது. இரவும் பகலும் இரண்டு முறைகளாக இயந்திரம் ஓடியது. இந்தப் பழக்கத்துக்கு எளிதில் வளைந்தவர்கள், அல்லது வளைக்கப்பட்டவர்கள், பெண்களும் சிறுவர்களும் அநாதை விடுதிகளிலிருந்து ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகளும். முதல் தலைமுறை ஆலைத்தொழிலாளர்களில் அவர்களே பெரும்பான்மை.

1832-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன எலிசபெத் பென்ட்லி என்ற 23 வயதுப் பெண், லீட்ஸ் நகரத்து லினன் நூற்பாலை ஒன்றில் ஆறு வயதில் சேர்ந்தவர். வேலை மும்முரமான காலத்தில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை; மற்ற நாள்களில் 6 முதல் மாலை 7 வரை; நண்பகலில் உணவுக்கு 40 நிமிடம். பாபின்கள் (நூல் சுற்றும் கட்டைகள்) நிறைந்ததும் நூற்புச் சட்டகத்தை நிறுத்தி, நிறைந்தவற்றைக் கழற்றி எடுத்துச்சென்று, வெற்றுப் பாபின்களை மாட்டி, மீண்டும் ஓடவிட வேண்டும். இடையில் கை தளர்ந்தால் கங்காணியின் வார் முதுகில் விழும். இந்த வேலைக்குப் பலம் வேண்டாம், ஓயாத கவனம் வேண்டும். அதனால்தான் ஆறு வயது போதுமானதாயிற்று. அந்தக் குழு ஒருதலையாகச் சாட்சிகளைத் தேர்ந்தது என்று ஆலைமுதலாளிகள் முறையிட்டதால் அடுத்த ஆண்டே அரசு வேறொரு ஆணையம் அமைத்தது. சிறுவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற முடிவுக்கே அதுவும் வந்தது. இதை மேடையில் மறக்காமல் சொல்லுங்கள். மிகைப்படுத்துகிறீர்கள் என்ற குறுக்குக்கேள்விக்கு அதுவே விடை.

17 வயது விஷயம். அது உயிருடன் இருந்தவர்களின் ஆயுள் அன்று. ஓராண்டில் இறந்தவர்கள் அனைவரின் வயதையும் கூட்டி வகுத்த சராசரி. ஐந்து வயதுக்குள் மடிந்த குழந்தைகள் அதில் பாதிக்கு மேல் இருந்தார்கள். குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் நாற்பது, ஐம்பது வரை வாழ்ந்ததும் உண்டு. இளம் குடும்பங்கள் குவிந்த நகரத்தில் குழந்தைச் சாவுகளின் பங்கு இயல்பாகவே கூடும் என்பதால் இந்த எண்ணைத் தனியாக நிறுத்திப் பேசக்கூடாது. அதே அறிக்கையின் மற்ற எண்களோடு சேர்த்துப் பேசுங்கள்: மான்செஸ்டரில் மேட்டுக்குடியினருக்கு 38, வணிகர்களுக்கு 20, தொழிலாளர்களுக்கு 17, கிராமப்புற ரட்லண்டில் முறையே 52, 41, 38. சராசரியின் குறைகளைக் கழித்த பின்னும், கிராமத்து ஏழைக் கூலிக்காரரின் எண்ணும் மான்செஸ்டர் செல்வந்தரின் எண்ணும் ஒன்றாக நிற்பதைக் கவனியுங்கள். வறுமை கொன்றதற்கு மேலாக இடமே கொன்றது. 1801-இல் சுமார் 75,000 பேர் வாழ்ந்த மான்செஸ்டரில் 1851-இல் 3 லட்சத்துக்கு மேல். கழிவுநீர் வழியோ குடிநீரோ அந்த வேகத்தில் வளரவில்லை. 1832-இல் காலரா வந்தபோது நோய் நீரில் பரவுகிறது என்பதை அறிந்தவர் இல்லை. நாடு தழுவிய முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1848-இல்தான் வந்தது.

ஏட்டுச்சுவடி எழுதுகிறார்:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். துயரத்தை மட்டும் சொன்னால், அந்தத் துயரத்துக்குள் மக்கள் என்ன செய்தார்கள் என்பது மறைந்துவிடும்.

கூலியைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்று அறிஞர்களிடையே நூறாண்டாக நடக்கிறது. இன்று பலரும் ஏற்கும் வடிவம் இது: ஒரு தொழிலாளியின் உற்பத்தி வேகமாக உயர்ந்த 1780 முதல் 1840 வரையிலான காலத்தில் உண்மைக் கூலி மிக மெதுவாகவே உயர்ந்தது, அதற்குப் பிறகே தெளிவாக ஏறியது. இந்தச் சராசரிக்குள் மியூல் நூற்பாளரும் இருக்கிறார், கைத்தறி நெசவாளரும் இருக்கிறார். ஒருவர் நன்றாகச் சம்பாதித்தார், மற்றவர் பட்டினி கிடந்தார். ஆகவே “மக்கள்” என்று ஒரே சொல்லில் பேச வேண்டாம்.

இயந்திர உடைப்பாளர்களை முட்டாள்களாகக் காட்டும் வழக்கத்தை நீங்களாவது கைவிட வேண்டும் என்பது என் தாழ்மையான கோரிக்கை. 1811-இல் நாட்டிங்காமில் உடைக்கப்பட்ட காலுறை பின்னும் சட்டகங்கள் புதியவை அல்ல. அவ்வகைச் சட்டகம் இருநூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அகலத் துணியைப் பின்னி வெட்டித் தைத்த மட்டமான காலுறைகளாலும், தொழில் பயிலாத ஆட்களை வைத்துக் கூலியைக் குறைத்ததாலும் வந்த கோபம் அது. எந்த முதலாளியின் சட்டகத்தை உடைப்பது என்று அவர்கள் தேர்ந்தெடுத்தே உடைத்தார்கள். தொழிற்சங்கம் கூடுவதை 1799, 1800 சட்டங்கள் தடுத்திருந்ததால் முறையிடும் வழி அடைபட்டிருந்தது. அரசு சுமார் 12,000 படைவீரர்களை அனுப்பியது. 1812-இல் சட்டக உடைப்பை மரண தண்டனைக் குற்றமாக்கியது. அதை எதிர்த்து மேலவையில் தன் முதல் உரையை ஆற்றியவர் கவிஞர் பைரன். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

வழி அடைபட்டபோது வேறு வழிகளை அவர்கள் வெட்டினார்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் வாக்குரிமை கேட்டுக் கூடினார்கள். அவ்வளவு பெரிய நகரத்துக்கு அன்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். 1824-இல் சங்கத் தடை நீங்கியது; 1832-இல் மான்செஸ்டருக்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள், தொழிலாளர்களுக்கு வாக்கு கிடைக்கவில்லை. 1842-இல் வாக்குரிமை கேட்டு அளிக்கப்பட்ட மனுவில் 33 லட்சம் கையெழுத்துகள் இருந்தன, நாடாளுமன்றம் நிராகரித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது சிறிய நிகழ்வு. 1844-இல் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் 28 பவுண்டு மூலதனம் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். முதல் நாள் சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், அவ்வளவே. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு. மாவில் சுண்ணாம்பைக் கலந்து விற்ற காலத்தில் அது சிறிய காரியமன்று. இன்றைய கூட்டுறவு அமைப்புகள் பலவும் தம் விதிமுறைகளுக்கு அந்தக் கடையையே முன்னோடியாகக் காட்டுகின்றன.

பனையோலை:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கிராம்ஃபோர்டு ஆலையின் கதவு சாத்தப்படும் காட்சியிலிருந்து உரையைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். கடைசியாக ஒன்று: 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை நெசவாலைகளில் சேர்ப்பதைத் தடைசெய்தது என்று படித்தேன். நடைமுறையில் அது செயல்பட்டதா?

அல்லி:

ஓரளவுக்கு. பட்டு ஆலைகளுக்கு அதில் விலக்கு இருந்தது. சுரங்கங்களை அது தொடவே இல்லை. நிலத்தடியில் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் விலக்கிய சட்டம் 1842-இல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் யார்க்ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். 1833 சட்டத்தின் புதுமை, அதை நிறைவேற்ற அரசுச் சம்பளத்தில் ஆய்வாளர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கு பேர்.

அவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட சிக்கல் வயதுதான். பிறப்புகளை அரசு பதிவுசெய்யத் தொடங்கியதே 1837 ஜூலையில். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒன்பதா ஏழா என்று காட்டத் தாள் இல்லை. கூலி தேவைப்பட்ட பெற்றோரும் ஆள் தேவைப்பட்ட முதலாளியும் ஒன்பது என்றே சொன்னார்கள். ஆகவே ஒன்பது வயதுக்குரிய வலுவும் தோற்றமும் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சான்று எழுத வேண்டும் என்று சட்டம் வைத்தது. பெரும்பாலும் உயரத்தை வைத்து முடிவுசெய்தார்கள். உயரம் ஏமாற்றுகிறது என்று கண்டு, 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பிள்ளைகளின் வாயைத் திறந்து எத்தனை நிலைப்பற்கள் முளைத்திருக்கின்றன என்று எண்ணினால் வயது இன்னும் சரியாகத் தெரியும் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார்.